பிடிக்குள் கூந்தல்

படிக்கட்டின் அடியில் பேராசிரியர் கூ ஹாய்ஷெங் மல்லாந்து கிடந்தார்.

கோட்டு. டை. பளபளக்கும் ஷூ. பின்மண்டை மட்டும் உடைந்திருந்தது.

வலது கை இறுகியிருந்தது. விரல்களுக்கு நடுவே நீளமாய்... கறுப்பாய்... ஒரு கொத்து முடி.

இன்ஸ்பெக்டர் தாவ் குனிந்தார்.

"முதல்ல பார்த்தது யாரு?"

"நான்தான் சார்." மெங் ஃபெய். பேராசிரியரின் ஆராய்ச்சி மாணவி. "மியூசியத்துல இன்னிக்கு சாரோட பேச்சு. கூட்டிட்டுப் போக வந்தேன். கதவு திறந்தே கிடந்துச்சு..."

இடுப்பு வரை தொங்கிய அவள் கூந்தலை தாவ் பார்த்தார்.

அவள் முகம் வெளுத்தது. "சார்... அது என் முடி இல்ல."

"நான் ஒண்ணும் கேக்கலையேம்மா. எதைப் பத்திப் பேச்சு?"

அவள் சுவரைக் காட்டினாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரே ஒரு சீன எழுத்து. ஆமையோட்டில் கீறிய ஆதி வடிவம். மண்டியிட்ட பெண். அவள் தலைமுடி மேல் ஒரு கை.

"'மனைவி'ங்கிற எழுத்து சார். அந்தக் கை முடியைப் பிடிச்சு இழுக்குது, பொண்ணைத் தூக்கிட்டு வந்து கட்டிக்கிட்ட காலம் அதுன்னு சிலர் சொல்வாங்க. எங்க சார் ஒத்துக்கலை. அது கொண்டை ஊசி செருகுற கை, பாசமா தலைவாரி விடுதுன்னு புத்தகமே எழுதினார்."

"தெரியும். என் வீட்டுக்காரி அதைப் படிச்சிட்டு ஒரு வாரம் என்னைத் தலைவார வச்சா."

தாவ் பிணத்தின் கையிலிருந்து ஒரே ஒரு முடியை உருவினார். லைட்டரைத் தட்டினார்.

முடி கருகவில்லை.

உருகியது. நுனியில் கடுகளவு உருண்டை திரண்டது.

"நைலான்... விக்."

மெங் ஃபெய் பெருமூச்சு விட்டாள்.

"அது என்னுது."

சமையலறை வாசலில் ஒரு பெண். பான் ஷூலான். பேராசிரியரின் மனைவி. தலையில் முக்காடு போல் ஸ்கார்ஃப்.

"கழட்டுங்கம்மா."

கழற்றினாள்.

தலை முழுக்க வழுக்கை. அங்கங்கே மட்டும் நாலு முடி. காய்ந்த புண்கள். காயாத புண்கள்.

"டீச்சரம்மா..." மாணவியின் குரல் உடைந்தது. "அப்போ சார் எழுதினது?"

"அவர் எழுதிட்டு இருந்தப்போ நான் பக்கத்து ரூம்ல தலைக்கு ஒத்தடம் குடுத்துட்டு இருந்தேன்."

தாவ் குறிப்பேட்டைத் திறந்தார். "காலையில என்ன நடந்துச்சு?"

"பேச்சுக்கு முன்வரிசையில வந்து உக்காருன்னார். விக்கை மாட்டிக்கிட்டு, சிரிச்ச முகமா. படி வரைக்கும் வந்தேன். அதுக்கு மேல கால் வரலை. 'நான் வரலைங்க'ன்னேன். ரெண்டு படி கீழே போனவர் திரும்பி, எப்பவும்போல முடியைப் பிடிச்சு முழு பலத்தோட இழுத்தார்..."

நிறுத்தினாள்.

"முடி போச்சு. நான் போகலை."

தாவ் பிணத்தின் பிடியைத் திரும்பிப் பார்த்தார்.

"விழுந்தப்புறம் விக்கை அவர் கையிலேருந்து பிடுங்கினேன். ஒரு கொத்தை மட்டும் விடலை. செத்தும் விடலை."

ஏப்ரனுக்குள்ளிருந்து விக்கை எடுத்து நீட்டினாள். தாவ் உட்புறத்தைத் திருப்பினார். நான்கு கிளிப்புகள். ஒன்றுகூட வளையவில்லை.

அவர் குரல் மாறியது.

"ஒரு கிளிப்பும் மாட்டலை. மாட்டியிருந்தா இழுத்ததும் கழண்டிருக்காது. அவர் இழுப்பார்னு உங்களுக்குத் தெரியும். படி உச்சியில நின்னுக்கிட்டு..."

"கிளிப்பு எதுல மாட்டும் சார்?"

"முடியில..."

பாதியில் நிறுத்தினார். அவள் தலையைப் பார்த்தார். பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

பேனாவை எடுத்தார். 'தவறி விழுந்து மரணம்' என்று எழுதினார்.

"பசை வச்சு ஒட்டுற விக் கூட வருதேம்மா. அது இழுத்தாலும் வராது."

"கேட்டேன். விலை ஜாஸ்தி, இதுவே போதும்னுட்டார்." பான் ஷூலான் ஸ்கார்ஃபை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். "ஒட்டியிருந்தா இப்போ உங்க காலடியில நானும் கிடந்திருப்பேன். கட்டின நாள்லேருந்து அவர் என்னைக் காப்பாத்தினது இந்த ஒரு தடவைதான் சார்... அதுவும் கஞ்சத்தனத்துல."