மருது, இங்குட்டு நில்லு!

அகல்யாவால் ஓரிடத்தில் சும்மா இருக்க முடியாது. சாப்பிடும்போது கால் ஆடும். படிக்கும்போது பென்சில் ஆடும். தூங்கும்போது பாயே நகர்ந்து வாசலுக்குப் போய்விடும் என்று தம்பி மருது சொல்வான். அது கொஞ்சம் புளுகு.

அன்று காரைக்குடியில் கோ-கோ போட்டி. ஆறாம் வகுப்பிலிருந்து அகல்யாவை மட்டும்தான் அணியில் சேர்த்திருந்தார்கள். பள்ளி வேன் அவள் ஊரான கோட்டையூருக்கு வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும். "வராதவங்களுக்காக வண்டி காத்துக்கிட்டு நிக்காது" என்று விளையாட்டு சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அம்மா துணிக்கடை வேலைக்குப் போய்விட்டார். அகல்யா காலையிலிருந்து வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கடைசியில், பாட்டிலில் தண்ணீர் பிடிக்கலாம் என்று முற்றத்துத் தொட்டிக்கு ஓடினாள்.

மூன்று வீட்டுக்கும் அந்த ஒரே தொட்டிதான். அதன் குழாய் கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. அவசரத்தில் அகல்யா அதை வெடுக்கென்று இழுத்தாள். குழாய் கையோடு வந்துவிட்டது!

தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அகல்யா உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்திக்கொண்டாள்.

"மருதூ! ஓடியாடா!"

மருது வந்தான். பக்கத்து வீட்டு வீரணன் மாமாவும் வந்தார். தண்ணீரை நிறுத்தும் வால்வைத் திருகிப் பார்த்தார். அது அசையவே இல்லை.

"துருப்பிடிச்சுக் கெடக்கு. இன்னும் முறுக்குனா இதுவும் கையோட வந்துரும். நானே மாட்டிருவேன், கண்ணாடி ஒடஞ்சு போச்சு. கிட்ட இருக்கது ஒண்ணும் தெரியல."

"அப்ப முத்துக்கண்ணன் அண்ணனுக்குப் போன் போடுறீகளா மாமா?"

முத்துக்கண்ணன்தான் அந்தத் தெருவுக்குக் குழாய் வேலை பார்ப்பவர். மாமா போனை அகல்யாவின் காதருகே பிடித்தார்.

"நான் கீழச்சிவல்பட்டியில வேலையா இருக்கேன் பாப்பா. சாயங்காலம்தான் வர முடியும்."

"எங்கிட்ட பசை இருக்கு! படம் ஒட்டுற பசை!" என்று கத்தினான் மருது.

"ஈரத்துல பசை நிக்காதுடா தம்பி" என்றது போனில் முத்துக்கண்ணனின் குரல். "போன தடவ ஒரு வெள்ள டேப்பு வச்சுட்டுப் போனேன்ல? குழாயோட மரையில அத எப்பவும் சுத்துற மாதிரி இறுக்கிச் சுத்து. பெறகு திருகி மாட்டு. அம்புட்டுதான்."

குழாயைத் திருகி மாட்ட வரிவரியாகப் பள்ளம் இருக்குமே, அதுதான் மரை. அதில் டேப்பைச் சுற்றினால் இடுக்கு வழியாகத் தண்ணீர் கசியாது.

ஆனால் டேப்பைச் சுற்ற இரண்டு கை வேண்டும். ஒரு கையோ ஓட்டையில் இருந்தது.

"அடைக்கிறதுக்கு ஏதாவது எடுத்தாடா!"

மருது டேப்போடு முதலில் ஒரு பென்சில் கொண்டுவந்தான். உள்ளே விழப் பார்த்தது. அடுத்து ரப்பர் பந்து. அது நுழையவே இல்லை. மூன்றாவதாக ஒரு கேரட்டை எடுத்து வந்தான்.

"நுனியக் காணோம்?"

"பெருசா இருந்துச்சுக்கா. கடிச்சு அளவு பண்ணேன்."

அளவு சரியாகத்தான் இருந்தது. கேரட் ஓட்டையில் இறுக்கமாக உட்கார்ந்துகொண்டது. ஓரத்தில் மட்டும் கசிந்தது.

மருது வலப்பக்கம் நின்று, மரை அக்காவைப் பார்க்கும்படி குழாயைப் பிடித்துக்கொண்டான். அகல்யா இடது கையால் விறுவிறுவென்று டேப்பைச் சுற்றினாள். எழுதுவது, பந்து எறிவது எல்லாமே அவளுக்கு இடது கைதான்.

"நொட்டாங்கையாலயா சுத்துற? வெளங்குன மாதிரிதான்" என்றார் மாமா.

அகல்யா கேரட்டைப் பிடுங்கினாள். தண்ணீர் முகத்தில் அடிக்க அடிக்கக் குழாயைத் திருகினாள். டேப் சுருண்டு, சேமியா போல வெளியே வந்தது. சுற்றிலும் தண்ணீர் கொட்டியது.

மறுபடி கேரட். மறுபடி டேப். மறுபடியும் சேமியா!

"சொன்னேன்ல? சோத்தாங்கையால சுத்து புள்ள."

வலது கையால் சுற்றிப் பார்த்தாள். டேப் தொளதொளவென்று நழுவிப் பிய்ந்துபோனது. அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. இந்த இடது கையால்தானே அவள் கோ-கோவில் எதிரணியைத் தொட்டுத் தொட்டு அவுட் ஆக்கினாள்? அப்போது யாரும் அதைக் குறை சொல்லவில்லையே!

தெருமுனையில் ஹாரன் கேட்டது.

"நீ போ புள்ள. சாயங்காலம் முத்துக்கண்ணன் வந்து பாத்துக்கிருவான்" என்றார் மாமா.

அகல்யாவின் கால்கள் வாசல் பக்கம் திரும்பிவிட்டன. ஆனால் கேரட்டின் ஓரத்தில் கசிவு அதிகமாகிக்கொண்டே இருந்தது. சாயங்காலத்துக்குள் தொட்டி காலியாகிவிடும். தெருவில் இனி வியாழக்கிழமைதான் தண்ணீர் விடுவார்கள். மூன்றாவது வீட்டு சுபா அக்காவுக்குக் கைக்குழந்தை வேறு. ஒரு வாளித் துணி துவைக்காமல் கிடந்தது.

"இந்தா வந்துர்றேன்! நிப்பாட்டச் சொல்லுங்க மாமா!"

மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார்.

அகல்யா குழாயைக் கையில் எடுத்தாள். இந்த முறை அவசரப்படவில்லை. குழாய் எந்தப் பக்கம் திரும்பி உள்ளே போகிறது என்று காற்றிலேயே திருகிப் பார்த்தாள். பிறகு, இடது கையால் சுற்றியதில் மரையில் ஒட்டியிருந்த மிச்ச டேப்பைப் பார்த்தாள். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. குழாயைத் திருகத் திருக டேப் பிரியாமல் என்ன செய்யும்?

'எப்பவும் சுத்துற மாதிரி' என்றாரே முத்துக்கண்ணன் அண்ணன், அது அவர் எப்போதும் சுற்றுகிற மாதிரி. அவருக்கு வலது கை. அகல்யாவின் 'எப்பவும்' அதற்கு நேர் எதிர்!

"டேய், தப்பு என் கையில இல்லடா. நீ நிக்கிற எடத்துலதான்!"

"நான் என்னக்கா பண்ணேன்?" மருது பயந்துவிட்டான்.

"மருது, இங்குட்டு நில்லு!"

மருது ஓடிவந்து அவளுக்கு இடப்பக்கம் நின்றான். குழாயும் அவனோடு திசை மாறியதால், அதே சுற்று இப்போது மரைக்குச் சரியான பக்கமாக விழும். அகல்யா புது டேப்பை அதே இடது கையால், அதே வேகத்தில் சுற்றினாள். மரைமேல் அது வழவழவென்று படிந்தது.

"கேரட்ட எடுடா!"

மருது பிடுங்கினான். தண்ணீர் இருவரையும் குளிப்பாட்டியது. அகல்யா குழாயின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே திருகினாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. டேப் பிரியவில்லை. போகப் போகக் குழாய் இறுகியது. அதன் மூக்கு தரையைப் பார்த்ததும் நிறுத்தி, மூடினாள்.

தண்ணீர் நின்றது.

இணைப்பைச் சட்டை ஓரத்தால் துடைத்துவிட்டு, குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். ஹாரன் மறுபடியும் நீளமாக அடித்தது. அவள் கால் ஆடவில்லை. கை ஆடவில்லை. மருது அதிசயமாக அக்காவைப் பார்த்தான்.

ஒரு சொட்டுகூட விழவில்லை.

"மிச்சக் கேரட்ட நீயே தின்னு!" என்று சொல்லிவிட்டு அகல்யா ஓட்டம் பிடித்தாள். வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்த வீரணன் மாமாவை இடிக்காமல் வளைந்து ஓடினாள்.

மாமா தொட்டியருகே போய் இணைப்பைச் சுற்றி விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். திரும்பவும் தடவினார். பிறகு வாசலுக்கு வந்து சத்தமாகக் கேட்டார்.

"ஏ புள்ள! ஈரமே இல்லையே! எந்தக் கையால சுத்துன?"

அகல்யா அதற்குள் வேன் படியில் ஏறியிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பி, இடது கையை உயரத் தூக்கிக் காட்டினாள்.

"என் கையாலதான் மாமா!"