சுண்டெலிக்கு வயிறு எரிந்த வாரம்

"உப்புச் சுரங்கத்துல ஷட்டில் ஆடியிருக்கியா நீ?" என்று கேட்டாள் குண்டூசி.

சுண்டெலி பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரை இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. முடிந்திருந்தாலும் என்ன சொல்வது? சமையலறை உப்பு டப்பாவைத் தவிர உப்போடு அவளுக்கு வேறு பழக்கமே கிடையாது.

"கப்பல்காரி ஆடியிருக்கா! சுவரு, தரை, தூணு எல்லாமே உப்பாம். அவங்க அப்பா சுவரை நக்கிக்கூடப் பாத்தாராம்!"

சுண்டெலி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். "இதைச் சொல்லவா காலங்காத்தால ஓடி வந்தே?"

"உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்டடி சொல்றது?"

அங்கேதான் வலித்தது. சுண்டெலி, குண்டூசி என்பதெல்லாம் பட்டப்பெயர்கள்; இருவரும் நகமும் சதையும் மாதிரி. இருவர் வீடும் பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில்தான். சுண்டெலியின் அப்பா அங்கே மெக்கானிக், குண்டூசியின் அம்மா கண்டக்டர். மதியத்தில் பஸ்கள் எல்லாம் வெளியே போயிருக்கும்போது, பஸ் கழுவும் கொட்டகை காலியாகக் கிடக்கும். தூணுக்குத் தூண் கயிறு கட்டினால் அதுதான் ஷட்டில் மைதானம். தண்ணீர் ஓடுவதற்காகத் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் ஒரு அணிக்கு 'மேடு', இன்னொரு அணிக்கு 'பள்ளம்'. சுண்டெலியும் குண்டூசியும் ஜோடி சேர்ந்தால் பள்ளத்தில் நின்றும் ஜெயிப்பார்கள்.

இந்த வாரம்தான் கப்பல்காரி வந்து சேர்ந்தாள். அவள் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். இப்போது டெப்போ கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். பள்ளி விடுமுறை வந்தால் போதும், கப்பல்காரி அப்பாவோடு கப்பலேறிவிடுவாளாம். போன இடத்திலெல்லாம் ஷட்டில் ஆடுவாளாம். கையில் போட்டோக்கள் வேறு! உறைந்து கிடக்கும் ஏரியின் மேல், கம்பளிக் குல்லாயோடு ஒரு படம். அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், காலுக்குக் கீழே மேகம் தெரிய ஒரு படம். சரக்கை இறக்கிவிட்ட கப்பலின் வயிற்றுக்குள், எறும்பு மாதிரிச் சின்னதாய் நின்றுகொண்டு ஒரு படம்.

எல்லாப் பிள்ளைகளும் வாயைப் பிளந்தார்கள். குண்டூசியின் வாய்தான் எல்லோரையும்விடப் பெரிதாகத் திறந்திருந்தது. சுண்டெலிக்கு வயிறு எரிந்தது. சும்மா இல்லை, மேலே பாத்திரம் வைத்தால் கொதிக்கும் அளவுக்கு எரிந்தது.

'உப்புச் சுரங்கம் இல்லாவிட்டால் என்ன? எனக்கும் இடம் கிடைக்கும்' என்று முடிவு செய்தாள்.

அன்றைக்கே தங்கை பட்டாணியை இழுத்துக்கொண்டு, பழுது பார்க்க நிறுத்தியிருந்த பஸ்ஸுக்குள் ஏறினாள். டிரைவர் சீட்டருகே பட்டாணி, கடைசி சீட்டருகே இவள். முதல் அடியிலேயே பந்து கூரையில் இடித்துப் பட்டாணியின் மூக்கில் விழுந்தது.

"மூக்கு போச்சு!" என்று அலறினாள் பட்டாணி.

மறுநாள், பஸ்ஸின் அடிப்பாகத்தைப் பழுது பார்க்கும் குழிக்குள் இறங்கினாள். மேலே பட்டாணி, கீழே இவள். மட்டையில் பட்ட பந்தைவிட உடம்பில் பட்ட கிரீஸ்தான் அதிகம். அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, குழிக்குள்ள என்ன பண்றே?"

"ஷட்டில் ஆடுறேம்பா. ஒரு போட்டோ எடுங்களேன்."

"முகமே தெரியல. பின்ன எதை எடுக்கச் சொல்றே?" என்று சிரித்துவிட்டு, அவர் ஒரு படம் எடுத்துக் கொடுத்தார்.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு சுண்டெலி குண்டூசியிடம் ஓடினாள். குண்டூசி பார்த்தாள். "ஐயே, ஒரே கிரீஸ்!" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஏய், கோவிச்சுக்காதே. ஞாயித்துக்கிழமை ஆட்டத்துல நான் கப்பல்காரியோட ஜோடி சேரலாம்னு இருக்கேன். ஒரே ஒரு தடவைதான்."

"சேர்ந்துக்கோயேன். எனக்கென்ன?" என்றாள் சுண்டெலி. வீட்டுக்கு வந்து கதவைப் படார் என்று சாத்தினாள். கதவு பாவம், அது என்ன செய்தது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுண்டெலிக்கு ஜோடியாகப் பட்டாணிதான் கிடைத்தாள். பட்டாணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் மட்டையை வீசுவாள். இதுவரை அவள் மட்டையில் பந்து பட்டதாக யாரும் சொன்னதில்லை. போதாக்குறைக்குப் பள்ளமும் இவர்கள் பக்கம் வந்தது.

'இன்னைக்கு மானம் போச்சு' என்று நினைத்துக்கொண்டே சுண்டெலி சர்வீஸ் போட்டாள்.

கப்பல்காரி அதைத் திருப்பி அடித்தாள். பந்து மெதுவாக, தட்டில் வைத்துக் கொடுப்பது போல, சுண்டெலியின் மட்டைக்கு நேராக வந்தது. சுண்டெலி ஓங்கி ஒரு அடி அடித்தாள். பாயிண்ட்!

"அய்யோ, ஸாரி" என்றாள் கப்பல்காரி.

அடுத்த பந்தும் அப்படியே நேராக மட்டைக்கு வந்தது. மறுபடி ஓங்கி அடி, மறுபடி பாயிண்ட், மறுபடி ஸாரி. சுண்டெலிக்கு வயிறு குளிர்ந்தது. உலகம் சுற்றியவளின் லட்சணம் இதுதானா!

குண்டூசிக்குப் பொறுமை போயிற்று. "என்னடி இது? அவ கையிலயே கொண்டுபோய்க் குடுக்குறே! ஆடத் தெரியாதுன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

வேடிக்கை பார்த்த பிள்ளைகள் சிரித்தார்கள். "உப்பு தின்னு தின்னு கை வழுக்குது போல!" என்றது ஒரு குரல்.

கப்பல்காரியின் கண்கள் கலங்கின. அவள் அடித்த அடுத்த பந்து பட்டாணியின் பக்கம் வந்தது. பட்டாணி வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீசினாள். டப்!

"பட்டுச்சு! அக்கா, பட்டுச்சு!" என்று பட்டாணி குதித்தாள்.

சிரிக்கப்போன சுண்டெலி பாதியில் நிறுத்திக்கொண்டாள். அவள் குழம்பிப்போனாள். பட்டாணி பந்தை அடித்தாளா? இல்லவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஆட்டுகிற மட்டையின் நடுவில், கப்பல்காரிதான் பந்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்!

அந்த ஆட்டத்தில் சுண்டெலிதான் ஜெயித்தாள். ஆனால் கைதட்டலைக் கேட்க நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த கப்பல்காரியிடம் போனாள்.

"ஏன் எல்லாப் பந்தையும் எங்க கைக்கே அனுப்புறே?"

"அப்படித்தானே ஆடணும்?" கப்பல்காரி மூக்கை உறிஞ்சினாள். "முதல் தடவை கப்பல் மேல்தளத்துல ஆடினப்போ, காத்து வந்து எல்லாப் பந்தையும் கடல்ல தள்ளிடுச்சு. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். அதுவும் தொலைஞ்சா, கரை வர்ற வரைக்கும் ஆட்டமே கிடையாது. அதனால கீழே விழாம ஆடணும்னு அப்பா சொல்லிட்டார். விழுந்தா நாங்க ரெண்டு பேருமே தோத்த மாதிரி."

"ஏரியில? உப்புச் சுரங்கத்துல?"

"எங்க போனாலும் நானும் அப்பாவும் மட்டும்தானே. எதிர்க் கட்சின்னு ஒண்ணு இருக்கும்னே இங்க வந்துதான் தெரிஞ்சுது."

சுண்டெலி அந்தப் போட்டோக்களை நினைத்துப் பார்த்தாள். எத்தனை எத்தனை இடங்கள்! ஒன்றில்கூட இன்னொரு பிள்ளை இல்லை. இதை இத்தனை நாள் அவள் கவனிக்கவே இல்லை. வயிறு எரியும்போது கண் சரியாகத் தெரிவதில்லை போலும்.

அப்போது குண்டூசி ஓடி வந்தாள். "ஏய் சுண்டெலி! அடுத்த ஆட்டம் நாம ரெண்டு பேரும் ஜோடி. வா, வா. இவளோட ஆடி நான் பட்டது போதும்!"

இந்த வார்த்தையைக் கேட்கத்தான் சுண்டெலி ஒரு வாரமாகக் காத்திருந்தாள். சரி என்று சொன்னால் முடிந்தது. பழைய ஜோடி, பழைய வெற்றி.

கப்பல்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இல்லடி" என்றாள் சுண்டெலி. "நான் கப்பல்காரியோட ஆடப்போறேன்."

"இவளோடயா? தோத்துடுவே!"

"பாக்கலாம்."

குண்டூசி அந்தப் பக்கம் போனதும், சுண்டெலி கப்பல்காரியின் காதருகே குனிந்தாள். "மட்டை எங்க இருக்கோ, சரியா அங்கயே பந்தைப் போடத் தெரிஞ்சவளுக்கு, மட்டை எங்க இல்லையோ அங்க போடத் தெரியாதா?"

கப்பல்காரி யோசித்தாள். "அது மோசம் பண்ற மாதிரி இல்லையா?"

"இல்லவே இல்ல. அவங்க ஓடிப் பிடிக்கட்டும். ஓடுறதுதான் ஆட்டமே. பந்தைப் பத்திக் கவலைப்படாதே, டப்பா நிறைய இருக்கு."

ஆட்டம் தொடங்கியது. எதிரே குண்டூசியும், அவளை நம்பி வந்த பட்டாணியும்.

கப்பல்காரி முதல் பந்தைப் பழக்கதோஷத்தில் குண்டூசியின் கைக்கே கொடுத்தாள். இரண்டாவது பந்தை அடிக்கும் முன் ஒரு கணம் தயங்கினாள். பிறகு மணிக்கட்டைச் சற்றே திருப்பினாள். பந்து குண்டூசிக்கு இடது பக்கம், யாருமே இல்லாத இடத்தில் இறங்கியது. குண்டூசி ஓடுவதற்குள் அது தரையைத் தொட்டுவிட்டது.

அடுத்தது வலது மூலையில் விழுந்தது. அதற்கடுத்தது கயிற்றை ஒட்டி, இந்தா பிடி என்பது போல எட்டிப் பார்த்துவிட்டு விழுந்தது. குண்டூசி தன் பக்கத்தின் எல்லா மூலைக்கும் ஓடினாள், பந்து மட்டும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் கத்திய கத்தலில் கேன்டீனிலிருந்து கப்பல்காரியின் அப்பா கரண்டியோடு ஓடி வந்துவிட்டார்.

"கீழே விழுந்துடுச்சுப்பா!" என்று கப்பல்காரி கத்தினாள். "நானேதான் விழ வெச்சேன்!" இப்படிச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு எந்தப் போட்டோவிலும் இல்லாதது.

பஸ்கள் திரும்பி வரத் தொடங்கியதும் பிள்ளைகள் கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பல்காரியும் சுண்டெலியும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்கள். பின்னாலேயே குண்டூசி வந்தாள். வழியில் கிடந்த கல்லை எல்லாம் காலால் உதைத்துக்கொண்டே வந்தாள்.

"நாளைக்கும் நீங்க ரெண்டு பேரும்தான் ஜோடியா?" என்று கேட்டாள்.

சுண்டெலி திரும்பிப் பார்த்தாள்.

"சும்மாதான் கேட்டேன்" என்றாள் குண்டூசி அவசரமாக. "எனக்கொண்ணும் பொறாமை இல்ல."

"தெரியும்" என்றாள் சுண்டெலி. "எனக்கும்தான் ஒரு வாரமா இல்லவே இல்ல."

குண்டூசி அவளை ஒரு நொடி உற்றுப் பார்த்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். சுண்டெலி தன் இன்னொரு தோளைக் காட்டினாள். குண்டூசி ஓடி வந்து அதில் கையைப் போட்டுக்கொண்டாள்.