வெட்டிய இலையின் வாசனை

ஆறாவது வரிசையை அவள் இன்னும் தொடவே இல்லை. ஆனால் வெட்டிய தக்காளி இலையின் அந்தப் பச்சை நெடி அங்கிருந்துதான் வந்தது. ஐந்தாவது வரிசையில் பக்கக் கொழுந்துகளைக் கிள்ளிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கண்ணாடிப் பசுமைக்குடிலின் புழுக்கத்தில் பொட்டுக் காற்றில்லை. இருந்தும் ஆறாவது வரிசை முழுக்க இலைகள் மெல்லச் சுருண்டுகொண்டிருந்தன.

"ஒரு செடிக்குக் காயம் பட்டா பக்கத்துச் செடிக்குச் சேதி போயிடும்மா," என்றார் மேற்பார்வையாளர். "புழு கடிக்குதுன்னு நெனச்சு வாசனை விட்டுக் குளவியக் கூப்பிடும். நமக்கு மருந்தடிக்கிற வேலை மிச்சம்."

அவர் திருப்பிக் காட்டிய இலையில் ஒரு புழு. அதன் முதுகில் அரிசி அரிசியாக வெள்ளைக் கூடுகள் குத்திட்டு நின்றன. குளவிக் குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கட்டியவை. புழு சாகவில்லை. தலையை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு வாரமா குளவி என் கையத்தான் சுத்துது. இந்தக் கையோடதான் வீட்டுக்குப் போய்ப் பொண்ணுக்குத் தலை பின்றேன். ஒரு கையுறை குடுங்கன்னு எத்தன தடவ கேக்குறது?"

"கொசு மாதிரி பூச்சி, மனுஷங்கள என்ன பண்ணும்? கையுறை அடுத்த மாசம் வந்துரும்."

போன மாதமும் இதே அடுத்த மாதம்தான். செவிடன் காதில் ஊதிய சங்கு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். எலுமிச்சை பிழிந்தாள். பாத்திரம் தேய்க்கும் நாரால் தோல் எரிய எரியத் தேய்த்தாள். நெடி போகவில்லை.

"கையி நாறுதா பாருங்க."

"உனக்கு மூக்குலதான் கோளாறு," என்றான் கணவன், டிவியிலிருந்து கண்ணெடுக்காமல். அவள் குவளையை நங்கென்று வைத்தாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஊசி முனையளவு மெல்லிய ரீங்காரம். ஜன்னல் வலைக்கு வெளியே மிளகை உடைத்துப் போட்டதுபோல் குளவிகள், முதலில் பத்து, பிறகு நூறு, பிறகு அந்தி வெளிச்சமே உள்ளே வரவில்லை. ஓடிப்போய்க் கண்ணாடியைச் சாத்தினாள். கதவிடுக்கில் துணியைத் திணித்தாள். கைகளை விளக்கில் பிடித்து விரல் விரலாகப் பார்த்தாள். ஒரு கடி இல்லை. ஒரு தடிப்பு இல்லை. அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

"அம்மா, சடைய அவுத்து விடேன்," என்று மகள் மடியில் வந்து சாய்ந்தாள். "ரெண்டு நாளா ஒரே அரிப்பு."

அவள் விரல்கள் சடை மேல் நின்றன.

அவிழ்த்தாள். முதல் பின்னல். இரண்டாவது. அதே நெடி. முடியை ஒதுக்கினாள்.

காதுக்குப் பின்னால். கழுத்து வரை. வெள்ளையாக. குத்திட்டு. அரிசி அரிசியாக.

"இப்ப அரிக்கலம்மா," என்ற மகளின் தலை, மெல்ல, ஆடிக்கொண்டே இருந்தது.