வெள்ளிக்கிழமைத் தட்டுகள்

ஏட்டு உமாபதி வேலையிலிருந்து ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும், ஓரிக்கைக் கிராமத்தில் யார் வீட்டில் எது காணாமல் போனாலும் அவரைத்தான் தேடி வந்தார்கள். 1972-ஆம் வருஷம் ஆவணி மாதம், ஒரு வியாழக்கிழமை, தேவசகாயம் வந்தபோது எதுவும் காணாமல் போயிருக்கவில்லை. தவிடு அழுகியிருந்தது.

"தவிடா?" என்றான் சிட்டிபாபு. அவன் சைக்கிள் கடைக்காரன். கேஸ் என்று வாடை அடித்தால் போதும், கடையைச் சாத்திவிட்டு ஏட்டுக்குப் பின்னால் கிளம்பிவிடுவான். கொலையாவது இருக்கும் என்று ஓடிவந்தவனுக்கு முகம் தொங்கிப்போனது.

தேவசகாயம் ரசாயனம் படித்தவர். ஊரோரம் ஒரு கொட்டகை போட்டு, அவித்து ஆறிய அரிசித் தவிட்டைத் தட்டுகளில் பரப்பி, அதில் பூசணம் வளர்த்தார். மூன்றே நாளில் அந்தப் பூசணம் தவிட்டைத் தின்று நொதியைச் சுரந்துவிடும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்தால், வெதுவெதுப்பிலேயே கச்சாப் பட்டின் பசை கழன்றுவிடும். முன்புபோல் சோடாக் காரம் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டியதில்லை.

"செவ்வாக்கெழம ஒருக்கா, வெள்ளிக்கெழம ஒருக்கா தட்டு போடுறோம். செவ்வாக்கெழமத் தட்டு பஞ்சாட்டம் வளருது. மூணு வாரமா வெள்ளிக்கெழமத் தட்டு மட்டும் கொழகொழன்னு நாறுது. ரெண்டும் சேந்தாதான் நெசவாளர் சங்கம் கேட்ட அளவு வரும். நாளைக்குப் போடுறதும் போச்சுன்னா அவங்க பழையபடி காரத்துக்கே போயிடுவாங்க. கொட்டாயை மூட வேண்டியதுதான்" என்றார் அவர்.

"தட்டு போட்டதும் கூடவே இருப்பீங்களா?" என்று கேட்டார் உமாபதி.

"செவ்வாக்கெழம இருப்பேன். வெள்ளிக்கெழம சங்கத்துக்குப் போயிடுவேன். செல்லியம்மாதான் பாத்துக்கினு இருக்கும்."

மூவரும் கொட்டகைக்குப் போனார்கள். வேலைக்காரி செல்லியம்மாள், தட்டுகளை மூடும் துணிகளைச் சோப்புப் போட்டு அலசி, அப்போதுதான் கொடியில் உலர்த்தியிருந்தாள். ஈரத்துணியில் சிவப்புப் புள்ளிகளைக் கண்டு சிட்டிபாபு துள்ளினான். "சாயம் ஏட்டய்யா! எதிர்ல ராஜவேலு சாயப்பட்டறை வெச்சிருக்கான், காரமும் அவன்தான் விக்கிறான். கேஸ் முடிஞ்சிச்சி!"

உமாபதி ஓரமாக ஒதுக்கியிருந்த அழுகிய தட்டைக் கிளறினார். தவிட்டில் சிவப்பு எங்குமே இல்லை. அடியில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது.

"காத்துல வந்திருக்கும்" என்றான் சிட்டிபாபு.

"சன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருக்குதேப்பா."

மறுநாள் காலை, தட்டுகளைப் பரப்பும் முன்பே, ராஜவேலுவும் தவிடு போடும் ரைஸ் மில் முனிசாமியும் கொட்டகைக்கு வரவழைக்கப்பட்டார்கள். செல்லியம்மாள் கதவருகே நின்றாள். சிட்டிபாபு ராஜவேலுவின் பக்கத்திலேயே, ஓடினால் பிடிப்பதற்குத் தோதாக நின்றுகொண்டான்.

"முனிசாமி தவிட்டுல கலப்படம் இருந்தா செவ்வாக்கெழமத் தட்டும் கெட்டிருக்கணும். ரெண்டு நாளும் ஒரே மூட்டைதான்" என்று உமாபதி நிதானமாக ஆரம்பித்தார். "ராஜவேலு சாயம் ஊத்தியிருந்தா தவிடும் செவந்திருக்கணும். செவப்பு துணியில மட்டும் இருக்குது, அதுவும் சோப்புப் போட்ட பின்னால. சோப்பு பட்டா செவக்கிறது எது?"

உமாபதி தன் வேட்டி நுனியைத் தூக்கிக் காட்டினார்.

"பொண்டாட்டி துவைச்சுப் போட்ட வேட்டியைக் கட்டுற ஆம்பிளைங்களுக்கு இது தெரியாது. எம் பொண்டாட்டி போயி எட்டு வருஷம் ஆச்சு. எந்துணிய நானே துவைக்கிறேன். மஞ்சக்கறை, சோப்பு பட்டா செவக்கும். வெள்ளிக்கெழம, மஞ்சத்தண்ணி, வேப்பிலை. இது கெடுக்க வந்தவன் வேலையில்லப்பா. சாமி கும்புடுறவங்க வேலை."

செல்லியம்மாள் முந்தானைக்குள் மறைத்திருந்த செம்பு வெளியே தெரிந்தது. அதை மெல்ல வெளியே எடுத்தாள்.

"நான்தாங்க. முன்ன காரத்துல பட்டு அவிச்சிக்கினு இருந்தேன். கை வெந்து வெடிச்சி, சோறுகூடக் கரண்டியாலதான் துன்னேன். எம் பொண்ணுக்குத் தலை வாரினா முடி வெடிப்புல மாட்டிக்கும், அது அழும். இங்க வந்து ஆறு மாசத்துல கை ஆறிப்போச்சி. அந்தச் சந்தோஷத்துல, இந்தக் கொட்டாய் நல்லா இருக்கணும்னுதான் மூணு வாரமா வெள்ளிக்கெழம கெங்கையம்மா கோயில் தீர்த்தம் தெளிச்சேன். அழுவிப்போனதும், யாரோ கண்ணு வெச்சிட்டாங்கன்னு இன்னும் ரெண்டு கை கூடவே தெளிச்சேன். நீங்க சர்ச்சுக்குப் போற வேதக்காரரு, கோவிச்சுப்பீங்கன்னு சொல்லல."

முனிசாமி தலையைத் திருப்பிக்கொண்டார். காரம் விற்கும் ராஜவேலு தன் காலையே பார்த்தார். சிட்டிபாபு அவர் பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து நின்றான்.

"அவிச்ச தவிட்டுல பச்சத்தண்ணி பட்டா வேற கிருமி முந்திக்கும்மா. மஞ்சளும் வேப்பிலையும் பூசணத்துக்கு ஆவாது" என்றார் தேவசகாயம். கோபம் வரும் என்று எல்லோரும் காத்திருக்க, அவருக்குக் கண் நிறைந்தது. "யாரோ என்னை அழிக்கப் பாக்குறான்னு மூணு வாரமாத் தூங்காம கெடந்தேன். நீ எனக்காக வேண்டிக்கினு இருந்திருக்க. தவிட்டு மேல வேணாம்மா. என் தலையில தெளி."

அவர் குனிந்தார். அவள் தயங்கித் தயங்கித் தெளித்தாள். ஒருவனையாவது பிடித்துக் கொடுக்க வந்த சிட்டிபாபுவும் பக்கத்தில் போய்த் தலையை நீட்டினான்.

திங்கட்கிழமை காலை, "நீயே தொறம்மா" என்று தேவசகாயம் ஒதுங்கி நின்றார். செல்லியம்மாள் துணியை விலக்கினாள். தட்டு விளிம்புவரை வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. "தாயே!" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த தட்டைத் திறக்க ஓடினாள்.