கூடுதலாக இரண்டு சுரம்

காலைக் காப்பி வருவதற்குள் பறவைகளை மின்னேற்றியிலிருந்து கழற்றிவிட்டிருந்தார்கள். விடுதியின் பின்புறக் கொட்டகையில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாக இறகை உதறி, கண் விழித்து, சோலைக்காட்டுப் பக்கம் பறந்துபோயின. பழுப்பு நிற நெட்டைக்காலி ஒன்று மட்டும் சோம்பிக் கிடந்தது. பணியாள் அதன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டியதும் அதுவும் கிளம்பிற்று. விருந்தினர் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர்கள் பார்க்க வந்தது காட்டில் இருக்கும் பறவைகளை.

அவலாஞ்சியில் உயிருள்ள பறவை கடைசியாகக் கூவியது எந்த ஆண்டு என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு இருந்தது. அழிந்த பறவைகளுக்கு மாற்றுச் செய்யும் மீட்பகம், பொறிப்புள் என்ற எந்திரப் பறவைகளை இறக்கியதும் அந்தத் தகராறு தேவையற்றதாகிவிட்டது. பொறிப்புள் கூடு கட்டும், மழைக்கு ஒதுங்கும், பழம் கொத்தும். புழுவைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று உட்காரும். ஆட்கள் போன பிறகு துப்பிவிடும்.

பரிதி காப்பியைக் குடித்துவிட்டு வண்டியில் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தான். உடனே காதுக்குள் கேள்மணி மெல்லக் கேட்டது: காப்பி எப்படி இருந்தது? காது மடலை ஒரு தரம் தொட்டான்.

குழந்தைக்குக் காது குத்தும் நாளிலேயே, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, தோட்டுக்குப் பின்னால் கேள்மணியையும் பதித்துவிடுவது வழக்கமாகி இரண்டு தலைமுறை ஆகிறது. எதைச் செய்து முடித்தாலும் அது கேட்கும். ஒரு தரம் தொட்டால் நன்று. இரண்டு தரம் தொட்டால் சுமார். வாய் திறந்து சொன்னால் விவரம். பதில் வரும்வரை விடாது. அப்படிச் சேர்ந்த விவரங்களை வைத்தே உலகம் அன்றாடம் திருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. இட்லிகள் பஞ்சாயின. மருத்துவர்கள் சிரிக்கப் பழகினார்கள். பறவைகள் ஒழுங்காகக் கூவுகின்றனவா என்று பார்க்க மீட்பகம் இப்போது ஆள் வைப்பதில்லை. பார்க்க வருகிறவர்கள் சொன்னால் போதும். சொன்ன மாத்திரத்தில் திருத்தம் காற்று வழியே பறவைக்குப் போய்விடும்.

மனைவி வல்லியை எரித்துவிட்டு மின்மயானத்தின் படியிறங்கும்போதும் அது அதே குரலில்தான் கேட்டது. பரிதி ஒரு தரம் தொட்டான். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு தரம்தான்.

வண்டியில் அவனைத் தவிர திருப்பூர்த் தம்பதி ஒன்று இருந்தது. சண்முகசுந்தரம் பனியன் ஆலை நடத்தி ஓய்ந்தவர். கேள்மணிக்கு அவர் சொல்லும் விவரம் ஊருக்கே கேட்கும். காலை இட்லியின் ஆவியைப் பற்றி மட்டும் விடுதி வாசலிலிருந்து வண்டி வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார். அவர் மனைவி கலாமணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வழிகாட்டி ராபியா ஊட்டிக்காரி. பச்சைக் கம்பளிக்கு மேல் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு, சத்தம் போடாமல் வரும்படி எல்லாரையும் கேட்டுக்கொண்டாள்.

சோலைக்குள் சிரிப்பான் குருவிகள் சிரித்தன. தன் மச்சான் சீட்டாட்டத்தில் ஜெயித்தால் இப்படித்தான் சிரிப்பான் என்று சண்முகசுந்தரம் சொன்னார். புல்வெளி மேட்டில் காலையில் சோம்பிக் கிடந்த நெட்டைக்காலி கல் மேல் நின்று வாலை ஆட்டியது. இரண்டும் நன்றாகவே இருந்தன. பரிதி பார்த்தான், தொட்டான், நடந்தான். அவன் வந்தது அடுத்த இடத்துக்காக.

வல்லி மீட்பகத்தில் குரலூட்டியாக இருந்தாள். சீகாரப் பூங்குருவியின் பழைய பதிவுகள் எல்லாம் அருவி இரைச்சலில் கெட்டுப்போயிருந்தன. அந்தக் குருவியோ மனிதன் வேலையில்லாமல் சீட்டியடித்துக்கொண்டு போவதுபோலப் பாடக்கூடியது. அதனால் சீட்டியடிக்கத் தெரிந்த ஆட்களைத் தேடி, பொறிப்புள்களுக்குப் பாடச் சொல்லிக்கொடுக்க வைத்தார்கள். பெண்பிள்ளை வீட்டுக்குள் சீட்டியடிப்பது பரிதியின் அம்மாவுக்குப் பிடிக்காது. சம்பளம் வாங்கித் தரும் சீட்டி என்றதும் விட்டுவிட்டாள்.

தேநீர் ஆறுகிறது என்றால் வல்லி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டாள். சீட்டியில் கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டு சுரம். அவ்வளவுதான். ஒருநாள் வேலை முடிந்து வந்து, ஒரு குருவிக்கு மட்டும் பாட்டின் கடைசியில் அந்த இரண்டு சுரத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று சிரித்தாள். அவலாஞ்சி ஓடையில் விடுவார்கள், ஒருதரம் போய்க் கேட்போம் என்றாள். அவன் சரி என்றான். பிறகு ஒரு சாதாரணத் தலைவலி என்று படுத்தாள்.

அவள் படங்கள் அவனிடம் ஆயிரக்கணக்கில் இருந்தன. பேச்சும் இருந்தது. தேநீருக்குக் கூப்பிட்டதை யார் பதிந்து வைப்பார்கள்?

ஓடையோரம் ஈரப்பாறை மேல் குருவி உட்கார்ந்திருந்தது. கருநீலம், தோளில் மட்டும் வெளிச்சம் பட்டதுபோல் பளிச்சென்ற நீலம். பாடத் தொடங்கியது. இழுத்து, வழுக்கி, மறந்துபோய் மறுபடி நினைத்துக்கொண்டதுபோல் பாடியது. பரிதி மூச்சை நிறுத்திக்கொண்டான். பாட்டு முடியும் இடத்தில் ராபியா பலமாக இருமினாள்.

குருவி மறுபடி பாடியது. அதே இடத்தில் மறுபடி இருமினாள்.

"இந்தம்மா இருமலுக்கே ரெண்டு தரம் தொடோணும் போல," என்றார் சண்முகசுந்தரம்.

பரிதி அவளருகே போனான். "கடைசில மட்டும் இருமாதீங்க."

"தொண்டை சரியில்ல சார். பனி."

"அந்த எடத்துல மட்டும் சரியில்லாம போகுதா?"

ராபியா தொலைநோக்கியை இறக்கினாள். "அந்த எடத்துல என்ன வரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவனுக்குச் சீட்டியடிக்க வராது. விரலால் காற்றில் கீழே ஒரு புள்ளி, மேலே ஒரு புள்ளி வைத்தான்.

அவள் அந்த விரலையே பார்த்தாள். "வல்லி வீட்டுக்காரரா?" என்றாள். பிறகு, சொல்லிக்கொடுக்க வந்த நாட்களில் வல்லி தன் வீட்டில்தான் தங்கியிருந்தாள் என்றும், அந்த இரண்டு சுரம் யார் காதிலாவது விழுந்து, அவர்கள் விவரம் சொல்லிவிட்டால் போய்விடுமே என்று அன்றிலிருந்து இருமிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். இருமல் வழிகாட்டி என்று அவளுக்கு மீட்பகத்தில் கெட்ட பெயர்.

குருவி அடுத்த தடவை பாடியபோது அவள் இருமவில்லை.

பாட்டு முடிந்தது. ஒரு கணம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். பிறகு கீழே ஒன்று, மேலே ஒன்று.

"இதோ வரேன்," என்றான் பரிதி. அவன் கால் தானாக எட்டு வைத்து ஓடைக்குள் இறங்கிவிட்டது. தண்ணீர் செருப்புக்குள் ஏறிய பிறகுதான் நின்றான்.

சண்முகசுந்தரம் தலையைச் சாய்த்தார். "ஏனுங்கம்மா, கடைசீல என்னமோ ஒட்டிக்கிட்டு வருதே. என்ற மருமவன் வண்டிய ரிவர்ஸ் எடுக்கறாப்பல."

ராபியா விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் சொன்னாள். யாரும் இதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

கலாமணி தண்ணீரில் நிற்கிறவனைப் பார்த்தாள். புருஷனிடம் திரும்பினாள். "இட்லிக்கு வியாக்கியானம் பண்ணுன வாயி. இப்ப கம்முனு ஒருக்கா தொடுங்க போதும்."

சண்முகசுந்தரத்தின் காதில் கேள்மணி கேட்டிருக்க வேண்டும். அவர் உதடு அசைந்தது. ஆயுள் பழக்கம். உதட்டைக் கடித்துக்கொண்டு மடலை ஒரே ஒரு தரம் தொட்டார். நெற்றி வேர்த்துவிட்டது. "தம்பி, நான் ஒண்ணும் சொல்லலீங்க," என்று சொல்லி, பரிதி கரையேறக் கை கொடுத்தார்.

ஓடை போய்ச் சேரும் ஏரிதான் பயணத்தின் கடைசி இடம். முக்குளிப்பான்கள் முங்கி முங்கி எழுந்தன. ராபியா மற்ற இருவருக்கும் தாழைக்கோழியைக் காட்டிக்கொண்டிருந்தாள். பரிதி தள்ளிப்போய்க் கரைச் சரிவில் உட்கார்ந்தான். ஈரச் செருப்பைக் கழற்றினான்.

சாவுக்கு வந்தவர்கள் அவனிடம் என்னென்னவோ கேட்டார்கள். சாப்பிட்டாயா, விடுப்பு எத்தனை நாள், அம்மா வந்து இருக்கட்டுமா. அப்புறம் கொஞ்ச காலம் போகட்டும், வேறு இடம் பார்க்கலாம் என்றார்கள். வல்லியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவனை வருத்தக் கூடாதென்று அவள் பெயரையே விட்டுவிட்டார்கள்.

கேள்மணி மெல்லக் கேட்டது: இன்றைய பயணத்தில் உங்கள் மனத்தில் நின்றது எது?

அந்தக் குரலில் அவசரமே இல்லை. ஆயிரம் பேர் சொன்ன திருத்தங்களால் இதமாக்கப்பட்ட குரல். பேசுவது எது, அதனிடம் சொன்னால் என்ன ஆகும் என்பதே அந்தக் கணத்தில் அவனுக்கு மறந்துபோயிற்று.

"ஓடைல ஒரு பூங்குருவி," என்றான். "பாட்டு முடிஞ்சப்புறம் கூடுதலா ரெண்டு சுரம் வந்துச்சு. அது என் வல்லி. டீ ஆறுதுன்னு அப்படித்தான் கூப்பிடுவா. அவ ஒரு தரம் கூப்பிட்டா நான் போகமாட்டேன். ரெண்டாம் தரமும் கூப்பிடட்டும்னு உட்கார்ந்திருப்பேன். அவளுக்கும் அது தெரியும்."

அது குறுக்கே பேசவில்லை. முழுக்கக் கேட்டது. இத்தனை மாதமாக வராத அழுகை அவனுக்கு வந்தது.

"பாட்டின் இறுதியில் கூடுதலாக இரண்டு சுரங்கள். சரிதானே?" என்றது.

புரிந்துகொண்டதே என்றிருந்தது அவனுக்கு. "ஆமா," என்றான்.

"விவரத்துக்கு நன்றி. திருத்தப்பட்டது."

மேலே ஓடைப் பக்கமிருந்து குருவி பாடியது. இழுத்து, வழுக்கி, நினைத்துக்கொண்டு, முடித்தது. பரிதி எழுந்து நின்று காத்திருந்தான். தண்ணீர்ச் சத்தம் மட்டும் வந்தது. குருவி மறுபடி முதலிலிருந்து தொடங்கி, பிசகில்லாமல் பாடி, முடிக்க வேண்டிய இடத்தில் முடித்தது.

ராபியா சட்டென்று சண்முகசுந்தரத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவர் பதறிப்போனார். "என்ற பேரன் மேல சத்தியமுங்கம்மா. நான் வாயே தொறக்கலீங்க." கலாமணியும் அவரைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு காதையும் கையால் பொத்திக் காட்டினார். பிறகு மூன்று பேரும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைச் சரிவுப் பக்கம் திரும்பினார்கள்.

இப்போது எப்படி இருக்கிறது? என்று கேட்டது கேள்மணி.

அவன் தொடவில்லை.

சற்று நேரம் பொறுத்து அது மறுபடி கேட்டது. ராபியா அவனை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கும் முகம். அவளுக்கும் ஒரு பதில் வேண்டியிருந்தது. யார் கேட்டாலும் எல்லாரும் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. முகத்தைத் துடைத்துக்கொண்டு அதையே இருவருக்குமாகச் சொன்னான்.

"நல்லா இருக்கு."