பெக்காவுக்குக் காபி

சரியாக மூன்று மணிக்கு அந்த வீட்டு வண்டிக்குள் யாரோ தண்ணீரைத் திறந்தார்கள்.

"கொர்ர்ர்" என்று பம்ப் ஓடியது. நின்றது. மறுபடி ஓடியது. உள்ளே இருந்தது ஐலி மட்டும்தான். அவள் குழாய்ப் பக்கமே போகவில்லை.

மூன்று நாளாக இதே கதை. ஐலியின் அப்பா ரெய்னோ, தெருக்கோடி வீட்டில் வாழ்ந்து இறந்துபோன கிழவர் ஹர்யூவின் வண்டியை அவருடைய தம்பி மகனிடம் வாங்கியிருந்தார். உள்ளேயே சமைத்து, படுத்து ஊர் சுற்றுகிற ஐம்பது வயது வண்டி. ஆரஞ்சுப் பூப்போட்ட திரை, பழுப்பு மெத்தை, மடக்கு மேசை எல்லாம் அன்று வந்தபடியே இருந்தன. அப்பா எதையும் பிடுங்கிப் போடவில்லை. துடைத்தார், ஒட்டினார், தைத்தார். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருந்த பரண் படுக்கை ஐலிக்கு என்று முடிவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் பயணம்.

தண்ணீர்த் தொட்டியை நிரப்பிய அன்றுதான் வினை தொடங்கியது.

அதோடு விட்டதா? அலமாரிக் கதவின் உள்பக்கம் பென்சில் எழுத்து ஒன்றும் கிடைத்தது. ஹர்யூவின் கையெழுத்து. 'மூன்று மணி. பெக்காவுக்குக் காபி.'

பின்லாந்திலிருந்து வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் வாழும் ஊர் அது. மூன்று மணி என்றால் காபிதான். தபால்காரர்கூடப் பையை இறக்கிவைத்துவிட்டுக் குடிப்பார்.

"ஹர்யூ தனி ஆளாச்சே. பெக்கா யாரு?" என்று கேட்டார் அம்மா ஹெல்வி.

"தெரியல. மனுஷன் வருஷத்துல பத்து மாசம் ஊர்லயே இருக்க மாட்டாரு," என்றார் அப்பா. "பம்ப் கெட்டுப்போயிருக்கும், விடு."

"கெட்டுப்போன பம்ப் கடிகாரம் பாக்குமா ரெய்னோ? காபி குடிச்சிட்டு யாரோ கப்பு கழுவுறாங்க. நான் இதுல படுக்க மாட்டேன். சனிக்கிழமை 'விற்பனைக்கு'ன்னு அட்டை மாட்டிடு."

ஐலி விடுவதாக இல்லை. அந்தப் பரண் படுக்கைக்குத் தலையணை உறைகூடத் தைத்து வைத்திருந்தாள்.

"அப்பா, பம்ப் எப்ப ஓடும்?"

"ஏதாவது ஒரு குழாயத் திறந்தா ஓடும். மூடினா நிக்கும்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஐலி தனியாக உள்ளே போனாள். குழாய்களை எண்ணினாள். மூன்று. ஒவ்வொன்றின் வாயிலும் விரலை விட்டுப் பார்த்தாள். எல்லாம் காய்ந்து கிடந்தன.

திரை அசைந்தது. காற்றுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் ஜன்னல் மூடியிருந்தது.

கடிகாரத்தில் மூன்று மணி. கொர்ர்ர்.

ஓடிவிடத்தான் கால் துடித்தது. ஆனால் ஓடினால் நாளைக்கு அட்டை. ஐலி பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று குழாய்களையும் மறுபடி தொட்டாள். ஈரமே இல்லை.

அப்படியானால் நான்காவது குழாய் ஒன்று எங்கோ இருக்கிறது.

தரையில் படுத்துக் காதை வைத்தாள். அடியிலிருந்து சத்தம் வந்தது. சளக், சளக், சளக். யாரோ மூச்சும் விட்டார்கள்.

வெளியே வந்து, குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள்.

முகமெல்லாம் நரைத்த ஒரு நாய், வண்டியின் அடித்தட்டில் பொருத்தியிருந்த பித்தளை மூக்குக் குழாய் ஒன்றை நாக்கால் அழுத்தி அழுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் பின்வாங்கியபோது வண்டியின் தரையில் முதுகு 'டொம்'மென்று இடித்தது. அப்படி இடித்துத்தான் மேலே திரை ஆடியிருக்கும்.

ஐலி கிட்டே போகவில்லை. புல்லில் உட்கார்ந்து சும்மா இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அதுவே வந்து அவள் மடியில் ஈரத் தாடையை வைத்தது. கழுத்துப் பட்டையில் பெயர் இருந்தது. பெக்கா.

ஐலி கூப்பிட, அம்மாவும் அப்பாவும் ஓடிவந்தார்கள்.

"அட, ஹர்யூ தம்பி மகன் வீட்டு நாய். ஹர்யூ வளத்து விட்டுட்டுப் போனதாம், பேரு நான் கேக்கல. தினம் இந்நேரத்துக்குக் காணாமப் போகுதுன்னு புலம்பினான்," என்றார் அப்பா. "சரி, அந்தக் குழாய அடைச்சிடுறேன். சத்தம் நின்னுடும்."

"வேணாம்ப்பா," என்றாள் ஐலி. "ஹர்யூ இதுக்காகத்தான் அதை வச்சிருக்காரு. இது இன்னும் அதோட வீடுதான். பழசு எதையும் மாத்த மாட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"நாய்க்குக் குடுக்கிற தண்ணிக்குக் காபின்னு பேரு வச்சிருக்காரு பாரு," என்றார் அம்மா. "நானும் நாலு நாளா ஒரு நாய்க்குப் பயந்திருக்கேன்."

அட்டை எழுதப்படவே இல்லை. தம்பி மகனிடம் கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் பெக்காவையும் கூட்டிப்போனார்கள். மூன்று மணிக்கு அம்மா மடக்கு மேசையை விரித்துக் காபி ஊற்றினார். வண்டிக்கு அடியில் சளக் சளக் என்று கேட்டது. பம்ப் ஓடியது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "பெக்கா வந்தாச்சு, பிஸ்கட்டை எடு," என்றார் அம்மா.