சூடு கண்டால் எரியும் விளக்கு

மூன்றாவது தடவையாக அவள் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள், குப்பைக்கூடையைக் கொட்டினாள், திரும்பி வந்தாள். மூன்றாவது தடவையும் விளக்கு எரியவில்லை.

மீட்டர்காரர் சமையலறையில் நின்று, கதவின் மேல்பாதிக் கண்ணாடி வழியாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம்தான் மாட்டிய விளக்கு. எலக்ட்ரீஷியன் நடந்தபோது எரிந்தது. இவர் நடந்தபோது எரிந்தது. இருட்டிய பிறகு மதிலிலிருந்து குதித்த பூனைக்குக்கூட ராஜமரியாதையோடு எரிந்தது. கட்டிய மனைவிக்கு மட்டும் எரியவில்லை.

முப்பத்து மூன்று வருஷம் வீடுவீடாகப் போய் மின்மீட்டரை எட்டிப் பார்த்து எழுதியவர் அவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், பழக்கத்திலிருந்து பெறவில்லை. எந்த அறைக்குள் நுழைந்தாலும் கால் உள்ளே வைப்பதற்கு முன் கை சுவிட்சுக்குப் போய்விடும். சகலை வீட்டு விருந்தில் எட்டுப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூடத்து விளக்கை அணைத்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து சகலைக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இவரைப் பற்றிச் சொல்லப்படுகிற கதைகளில் முக்கால்வாசி பொய். மீதிக் கால்வாசியே தாங்காது.

அப்படிப்பட்டவர் வீட்டில் தெரு கேட்டிலிருந்து வீட்டை ஒட்டிப் பின்கட்டுக்குப் போகும் சந்து இருட்டாக இருந்ததில் ஆச்சரியம் என்ன? மூன்று வருஷமாக அவள் ஒரு விளக்கு கேட்டாள். போன மாதம் அந்தச் சந்தில் பாசி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு பூரி மாதிரி வீங்கியபோது கேட்பதை நிறுத்தினாள். பையை எடுத்தாள்.

"லைட்டைப் போட்டுட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் தங்கச்சி வீட்டுல வெளிச்சத்துல உக்காந்திருக்கேன்."

பத்து நாள் தன் சமையலைத் தானே சாப்பிட்டார். பதினோராம் நாள் விளக்குக் கடையில் நின்றார்.

கடைக்காரர் பூவேலை செய்த விளக்குகளைக் காட்டினார். இவர் பெட்டிகளைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். சூரிய ஒளியில் சார்ஜ் ஆகிறது வேண்டாம், பனிக்காலம், சந்தில் வெயிலே விழாது. மேலேயும் கீழேயும் வெளிச்சம் அடிக்கிறது வேண்டாம், ஆகாயத்துக்கு இவர் ஏன் விளக்குப் போட வேண்டும்? கடைசியில் கீழ்நோக்கி மட்டும் எரிகிற, மழைத்தண்ணீர் புகாத, ஏழு வாட் எல்இடி இரண்டு. இருட்டில் ஆள் வந்தால் தானே எரிந்து, போனால் தானே அணைவது. தன்னைப் போலவே ஒரு விளக்கு இருக்கக் கண்டு பேரம் பேசாமலே காசை எடுத்தார்.

எலக்ட்ரீஷியன் சந்தின் நடுவில் ஒன்று, பின்கதவுக்கு மேலே ஒன்று என்று ஏழடி உயரத்தில் துளைபோட்டு மாட்டினான். சுவர் துளைத்த சுண்ணாம்புத் தூள் சமையலறை வரை நெடியடித்தது.

"உடம்புச் சூடு நகர்ந்தா எரியும் சார். செடி ஆடினா எரியாது, கல்லு உருண்டா எரியாது. அசையாம நின்னா அணைஞ்சிரும். எவ்வளவு நேரத்துல அணையணும்? ரெண்டு நிமிஷம் வைக்கட்டுமா?"

"குறைச்சல் எவ்வளவு?"

"முப்பது செகண்ட். ஆனா அம்மா சாவியைத் தேடி எடுக்கறதுக்குள்ள அணைஞ்சிருமே சார்."

"முப்பதே வை."

அன்று சாயங்காலம் அவளுக்குப் போன் போட்டுச் சொல்லலாம் என்று கை துடைத்துக்கொண்டு வந்தால், பின்கதவுக் கண்ணாடியில் அவள் முகம்.

"வந்துட்டேன்" என்றாள்.

இவருக்குச் சந்தோஷத்தில் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அவள் வேலை சொல்லியே பழகிய எலக்ட்ரீஷியன் தகவல் சொல்லியிருப்பான். சந்துமுழுக்க இருட்டிலேயே வந்திருக்கிறாளே என்பதும் அப்போது உறைக்கவில்லை. குப்பை கொட்டப் போனபோதுதான் உறைத்தது.

மறுநாள் இருட்டியதும் ஸ்டூல் போட்டு ஏறி விளக்கின் அடியிலிருந்த திருகுகளைத் திருப்பிப் பார்த்தார். அவர் கையை ஆட்டினால் எரிந்தது. அவளை நடக்கச் சொன்னார். நடந்தாள். எரியவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. அவர் நிறுத்தச் சொல்ல மறந்ததால் கொஞ்ச நேரம் சந்தில் போவதும் வருவதுமாகவே இருந்தாள்.

வீட்டுக்குள்ளோ அவரது முப்பது வருஷக் கனவு நனவாகியிருந்தது. அவள் விளக்குப் போடவில்லை. டிவி போடவில்லை. அந்தக் குளிரில் வெந்நீர் ஹீட்டரைத் தொடவில்லை. இருட்டிலேயே காய் நறுக்கினாள், துண்டுகள் அளவெடுத்தது போல் இருந்தன. வேலை முடிந்ததும் சமையலறை மூலையில் சுவரோடு சுவராக உட்கார்ந்துகொண்டாள். அறைக்குள் சுண்ணாம்பு நெடி போகவே இல்லை. விளக்கு மாட்டின தூள் என்று நினைத்துத் தரையைக் கூட்டினார், துடைத்தார், பிறகு அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து கூட்டுவதை நிறுத்தினார். படுக்கையில் அவள் பக்கத்துப் போர்வை, கடையில் மடித்து வைத்த துணி மாதிரி, காலைவரை சில்லென்றே இருந்தது. மீட்டர்காரர் ஜுரமோ என்று தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவள் நெற்றியைத் தொடக் கை போகவில்லை.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும் அவருக்கு ஒரு யோசனை வந்தது. வந்திருக்க வேண்டாம். குண்டான் நிறையத் தண்ணீரைக் கொதிக்கவைத்தார்.

"இதைக் கொண்டுபோய்ச் சந்துல பாசிமேல ஊத்திட்டு வா."

அவள் துணி பிடிக்காமல் வெறுங்கையால் எடுத்தாள். வீங்கின கையாலும்தான், அது வீங்கியே இருக்கவில்லை. பின்கதவைத் தாண்டினாள். மேலே விளக்கு பளிச்சென்று எரிந்தது. சந்துக்குள் திரும்பினாள், அந்த விளக்கும் எரிந்தது. மீட்டர்காரருக்கு உயிர் வந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, ஆவி எழுந்தது, தரை ஆறியது. விளக்குகள் அணைந்தன. காலடிச் சத்தம் திரும்பி வந்தது, கதவுவரைக்கும், இருட்டிலேயே.

விளக்கு எரிந்தது தண்ணீருக்கு.

அவள் வெறும் குண்டானைக் கவிழ்த்து வைத்தாள். அவர் எதையாவது பேச வேண்டுமே என்று, "உன் போன் எங்க?" என்றார்.

"வழியில விட்டுட்டேன்."

"பை?"

"அதுவும்தான்."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தைவிட்டு ஓடியிருப்பார்கள். இவருக்கோ நல்ல போன் போயிற்றே என்று மனது ஒரு கணம் அங்கே போய்விட்டது. முன்னறைக்கு வந்தார். யார் கையிலாவது கிடைத்திருந்தால் எடுக்கட்டும் என்று அவள் நம்பரை அழுத்தினார்.

எடுத்தார்கள். பஸ் இரைச்சல். யாரோ குழந்தை அழும் சத்தம்.

"என்ன அதிசயம், நீங்களே கூப்பிடுறீங்க?" என்றாள் அவர் மனைவி.

மீட்டர்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். சமையலறையில் பாத்திரம் நகரும் சத்தம் நின்றது.

"நீ எங்க இருக்க?"

"பஸ்லதான். எலக்ட்ரீஷியன் தம்பி எல்லாம் சொல்லிட்டாரு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு மூணு நாள் பார்த்தேன். பரவால்ல, கல்லும் கரையுது."

"வராத."

"என்னது?"

"லைட் போடலை. அவன் பொய் சொல்றான். திரும்பிப் போயிடு, கையெடுத்துக் கும்பிடறேன்."

அவள் சிரித்தாள். இத்தனை நாள் கோபமெல்லாம் அந்தச் சிரிப்பில் கரைந்திருந்தது. "நான் வந்தா கரண்ட் செலவாயிடும்னு பயமா? இன்னும் ரெண்டு ஸ்டாப்தான். பின்பக்கமாத்தான் வருவேன், சந்துல வெளிச்சத்துல நடந்து வரணும்னு ஆசையா இருக்கு."

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு போனை அவர் காதிலிருந்து எடுத்தது. சுண்ணாம்பு நெடி. சில்லென்ற விரல். போனை அணைத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சார்ஜ் வீணாகுது" என்றாள்.

தெருக்கதவு பூட்டியிருந்தது. சாவியும் அவள் இடுப்பில்தான் இருந்தது. ஜன்னலில் கம்பி. அவர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அரைகுறையாக நின்றார். அவள் அவரைப் பரிவோடு பார்த்தாள். அந்தப் பார்வையிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"நீங்க இருங்க. இருட்டுல தடுமாறப் போறா. நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

பின்கதவு வழியாக வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். ஊருக்குப் போகும்போது பூட்டுவதற்காக அவரே வைத்த வெளித்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. மேலே விளக்கு எரியவில்லை.

கண்ணாடியில் முகத்தை ஒட்டினார். வெளியே ஒன்றும் தெரியவில்லை. மதில் இல்லை, மரம் இல்லை, அவள் இல்லை. எல்லாம் ஒரே இருட்டு. தெருக்கோடியில் பஸ் நின்றது. கிளம்பியது.

கேட் கிறீச்சிட்டது.

சந்து விளக்கு எரிந்தது. மூலையைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம் தரையில் நீண்டு விழுந்தது. செருப்புச் சத்தம். சின்னதாக ஒரு நிழல், பெரிதாகி, வளைந்து, பின்கட்டுக்குள் வந்தது. கதவுக்கு மேலே இருந்த விளக்கும் எரிந்தது.

இடது கையில் பை. வலது மணிக்கட்டில் துணிக்கட்டு. மூச்சுவிடும்போதெல்லாம் பனியில் வாயிலிருந்து வெள்ளை ஆவி. அந்த ஆவியை மீட்டர்காரர் பார்த்தார், பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் மூச்சுவிடுவதை அவர் கவனித்ததே இல்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்று விளக்கை அண்ணாந்து பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால், வெளிச்சம் முடிகிற கோட்டில், சமையலறையில் பார்த்த அதே புடவையின் கீழ்ப்பகுதி. இரண்டு பாதங்கள்.

கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தார். ஓடு என்றார். போ என்றார். பின்னால் பார் என்றார். கையைக் காட்டினார், விரலைக் காட்டினார். கனமான கண்ணாடி, கெட்டி பார்த்து அவரே வாங்கிப் போட்டது. அடித்த இரைச்சலில் வார்த்தை முங்கிப்போய், வெளியே போனது தட்டலும் கத்தலும்தான்.

அவள் அவரையும் விளக்கையும் மாறிமாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருஷமாக அவர் கத்தியதெல்லாம் ஒரே விஷயத்துக்குத்தானே.

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா? அணையணும், அவ்வளவுதானே. அந்தத் தம்பி சொன்னாரு. இந்தாங்க, அசையாம நிக்கிறேன். கத்தாதீங்க."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை விளையாட்டில் சிலையாக நிற்பதுபோல் நின்றாள். உதட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் அடித்தார். அவள் இன்னும் விறைப்பாக நின்றாள்.

அடிப்பதை நிறுத்தினார். வா, வா என்று கையால் கூப்பிட்டார். அவள் கண்ணைச் சிமிட்டினாள். அசையவில்லை.

சந்து விளக்கு அணைந்தது.

கோட்டிலிருந்த பாதங்கள் ஒரு எட்டு முன்னால் வந்தன.

பின்கதவு விளக்கு அணைந்தது.

இருட்டு. இப்போது அசைவாள். இப்போது. ஒரு விரலை அசைத்தால் போதும். பூனைக்கு எரிந்த விளக்கு. பை தரையில் விழும் சத்தம் கேட்டது. மெதுவாகத்தான் விழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மீட்டர்காரர் காத்திருந்தார். தன் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்தார். மறுபடி மங்கியது.

காலடி.

கதவை நோக்கி. நிதானமாக. ஒரு ஜோடி. அதனோடு, அதே தாளத்தில், இன்னொரு ஜோடி. படி ஏறின. தலைக்கு மேலே விளக்கு எரிய வேண்டிய இடம் அது. எரியவில்லை.

கை தானாகச் சுவருக்குப் போனது. சமையலறை விளக்கைப் போட்டார்.

கண்ணாடிக்கு வெளியே, மங்கலுக்கு அப்பால், நான்கு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. ஒன்றின் மணிக்கட்டில் துணிக்கட்டு. அவற்றுக்கு மேலே இரண்டு முகங்கள், அருகருகே, கண்ணாடியில் மூக்குப் படுமளவு நெருக்கமாக, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டும் வாய் திறந்திருந்தன. அவர் உள்ளங்கையால் கண்ணாடியை முழுவதும் துடைத்தார். படிந்திருந்த ஆவியெல்லாம் அவர் பக்கத்துடையது. வெளிப்பக்கம், அந்தப் பனியில், பளிங்கு போல் தெளிவாக இருந்தது.